கத்தரிக்காய்க்கு என்ன அர்த்தம்?

கே: அமெரிக்க ஓவியர் சார்லஸ் டிமூத்தின் வாட்டர்கலர் படம் ஒன்றில் கத்தரிக்காய், தக்காளி மட்டுமே இருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம்?

ப: கொத்சு. திருப்தி இல்லையென்றால் மறுபடி பாருங்கள்: எது பளபளக்கிறது, எது பென்சில் கோட்டோடு நின்றுவிடுகிறது என்று. அர்த்தம் அதற்குப் பிறகு வரட்டும்.

கே: வாடிய பூ, உரித்த எலுமிச்சை என்றாலே 'வாழ்வு நிலையாது' என்கிறார்களே?

ப: 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியத்தில், பக்கத்தில் ஒரு மண்டையோடும் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். அந்தச் சாவியை 1920-களின் கத்தரிக்காயில் போட்டால் திறக்காது.

கே: பாதித் தாள் காலி. முடிக்காமலே விட்டுவிட்டாரா?

ப: வாட்டர்கலரில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாள்தான். தக்காளி மினுங்க வேண்டுமானால் அந்த இடத்தில் தூரிகை படக்கூடாது. பிரெஞ்சு ஓவியர் செசான் கடைசிக் காலத்தில் வரைந்த வாட்டர்கலர் பழங்களில் இப்படி விட்ட இடம் ஏராளம். டிமூத் அதைப் பார்த்துக் கற்றவர். போட்ட வண்ணத்தையும் ஈரம் காயுமுன் ஒற்றி எடுத்துவிடுவார். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த மனிதர். நம் மேடைப் பேச்சாளர்களுக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.

கே: பழமும் காயுமாக வரைந்தவர் சாப்பாட்டுப் பிரியரோ?

ப: சர்க்கரை நோயாளி. 1883-இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் பிறந்தவர். நோய் தெரியவந்தபோது இன்சுலின் கைக்கு வரவில்லை. நியூஜெர்சியில் டாக்டர் ஃபிரெடரிக் ஆலனின் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே வைத்தியம் என்பது கிட்டத்தட்டப் பட்டினி. பிறகு, அமெரிக்காவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்டவர்களில் ஒருவரானார். அந்த 1920-களில்தான் பீச், பேரி, ஆப்பிள் என்று வரைந்து தள்ளினார். பூக்களும் வரைந்தார்; அவற்றுக்கு அம்மாவின் தோட்டம் இருந்தது. உடனே 'நிறைவேறாத ஏக்கம்' என்று கட்டுரை எழுதக் கிளம்பாதீர்கள். பூக்களை நோய்க்கு முன்பே வரைந்தவர் அவர். கத்தரிக்காயில் அப்படியென்ன சர்க்கரை இருக்கிறது? உடம்பு தளர்ந்தவருக்கு மேசையில் உட்கார்ந்தபடி செய்யத் தோதான வேலை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும், இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த பீச் பழங்களை என்னால் வெறும் பழமாகப் பார்க்க முடியவில்லை. 1935-இல், 51 வயதில் இறந்தார்.

கே: நானும் வரையலாமா?

ப: ஒரு தக்காளியோடு ஆரம்பியுங்கள். வெள்ளை விட வேண்டிய இடத்தை முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டுத் தாள் தண்ணீரில் சுருண்டுவிடும். கடையில் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள வாட்டர்கலர் தாள் என்று கேட்டு வாங்குங்கள்.