வீட்டு வெல்டில் ஓட்டை: ஓர் ஆய்வு

ஓர் ஏடு ஆய்வேடா இல்லையா என்பதைத் தலைப்பின் கடைசி இரண்டு சொற்கள் முடிவுசெய்கின்றன. அந்தக் கடமை மேலே நிறைவேறிவிட்டது. அடுத்து நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, முன்னாய்வுகள் என்று முறையாகப் போனால் பாதிப் பக்கங்கள் நிரம்பிவிடும். விஷயம் என்ற ஒன்று மீதிப் பாதிக்குத்தான் வேண்டியிருக்கும்.

நோக்கம்: கோவைப் புறநகரில், கார் இல்லாத ஒரு கார் ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்ன மிக் வெல்டிங் மெஷினை வைத்துப் பூந்தொட்டி ஸ்டாண்டு செய்கிற குடும்பத் தலைவரின் (இனி 'வீட்டு வெல்டர்') வெல்டில் ஏன் ஓட்டை விழுகிறது என ஆராய்வது. கருதுகோள்: ஓட்டை விழுகிறது. ஆய்வு எல்லை: ஷெட்டின் ஷட்டர். அதற்கு வெளியே எட்டிப் பார்ப்பது அடுத்த ஆய்வாளரின் பிழைப்பைக் கெடுப்பதாகும்.

டார்ச்சின் விசையை அழுத்தினால் மூன்று காரியம் நடக்கும். வயர் வரும், கரண்ட் வரும், நாசில் வழியாக கேஸ் வரும். முதலிரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். மூன்றாவது தெரியாது, கோளாறு பெரும்பாலும் அங்கேதான். கேஸ் மூடாத இடத்தில், உருகிய இரும்பு காற்றிலிருக்கும் நைட்ரஜனை அள்ளிக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அவ்வளவையும் வைத்துக்கொள்ள இடம் போதாது. வெளியேறக் கிளம்பிய குமிழ் மேலே வருவதற்குள் இரும்பு இறுகிவிட்டால், அதுதான் ஓட்டை. ஆக்சிஜன் தன் பங்குக்கு இரும்பிலுள்ள கார்பனோடு கூடி கார்பன் மோனாக்சைடாகிக் குமிழ் விடும். அதற்காகத்தான் 70எஸ்-6 வயரில் சிலிக்கனும் மாங்கனீசும் சேர்த்திருக்கிறார்கள். கார்பனுக்கு முந்தி அவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, பீடின்மேல் (உறைந்த வெல்டு வரியின்மேல்) பழுப்புக் கண்ணாடித் திட்டுகளாக ஒதுங்கும். நைட்ரஜனை அவை பிடிக்காது. அதைத் தடுக்க கேஸை விட்டால் வேறு நாதியில்லை.

அறிவியல் இவ்வளவுதான். இனி ஆய்வு.

முன்னாய்வுகள்: 1948-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், பாட்டெல் மெமோரியல் இன்ஸ்டிட்யூட்டில் இந்த மிக் முறை உருவானது. முதலில் அலுமினியத்துக்கு; இரும்புக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு அப்போது பயன்படுத்திய கேஸ்களின் விலை இருந்தது. 1953-இல் சோவியத் நாட்டின் ல்யுபாவ்ஸ்கி, நோவோஷிலோவ் இருவரும் கார்பன் டை ஆக்சைடை வைத்தே இரும்பை ஒட்டலாம் என்று காட்டிய பிறகு செலவு குறைந்தது. நம் பட்டறைகளில் இன்றும் இதற்கு 'சிஓடூ வெல்டிங்' என்றுதான் பெயர்.

ஆனால் 1948-ஓடு நின்றுகொள்ளும் ஆய்வாளரை யார் மதிப்பார்கள்? நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் கசடும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆகவே அங்கே வெல்டு இருந்தது. வெல்டு இருந்தால் ஓட்டையும் இருந்தே தீரும். 'ஒரு வெல்டுகூடக் கிடைக்கவில்லையே' என்பாருக்கு விடை: ஓட்டை விழுந்த வெல்டு இரண்டாயிரம் ஆண்டு தாங்குமா? கிடைக்காமையே சான்று. இந்தத் தருக்கம் இவ்வாய்வாளரின் கண்டுபிடிப்பு அன்று. மாலை ஆறு மணிக்கு மேல் எந்த மேடையிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஓட்டை நால்வகைப்படும். பீடு நெடுகப் பரவிக் கிடப்பது பரவல் துளை. கேஸ் குறைவு அல்லது காற்று. ஆரம்பத்திலோ முடிவிலோ கூட்டமாகக் கிடப்பது கொத்துத் துளை. பீடு முடிந்த நொடியே டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது வாய்க்கும். இரண்டு துண்டும் சேரும் கோட்டிலேயே வரிசை பிடிப்பது வரிசைத் துளை, இடுக்கில் அழுக்கு. நீளமாகக் குடைந்துகொண்டு போவது புழுத் துளை. ரவா தோசைக்குப் பெருமையாகிற ஓட்டை வெல்டுக்கு மட்டும் ஏன் இழுக்காகிறது என்ற வினா தத்துவத் துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, பதில் வரவில்லை.

மின்முனை இயல்: சாதா வயருக்கு டார்ச் பாசிட்டிவ், கேஸ் வேண்டாத வயருக்கு டார்ச் நெகட்டிவ். மாறியிருந்தால் மாற்றுக. இயல் முற்றும்.

அழுக்கு இயல்: வீட்டு வெல்டர் இரும்பு வாங்கும் இடம் பழைய இரும்புக் கடை. அங்கே துரு, பெயின்ட், கிரீஸ், ரெட் ஆக்சைடு எல்லாம் எடையில் சேரும். துருவில் ஈரம் உண்டு. சூடுபட்டால் அது ஹைட்ரஜனாகிக் குமிழ் விடும். புது ஆங்கிளின் கருநீலத் தோல்கூட ஆக்சைடுதான். ஒட்டும் இடத்துக்கு இருபுறமும் ஓர் அங்குலம் வரை கிரைண்டரில் வெள்ளையாக எடுத்துவிட்டால் இந்த இயலுக்கு அவசியமில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் கிரைண்டரைப் பரிந்துரைப்பதில்லை.

ஜி.ஐ. பைப்பைப் பற்றி மட்டும் கேலியை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் மேலிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். இரும்பு உருகும் முன்பே கொதித்த ஆவி அந்தக் குழம்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அது ஓட்டைக்குக் காரணம் மட்டுமல்ல. அந்த வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். பூச்சை முதலில் எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்துவிட்டு வெல்டு வைப்பது அதைவிட மோசம்; அதிலிருந்து வருவது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு.

சிலிண்டர் இயல்: இங்கே மூலபாடச் சிக்கல் ஒன்று எழுகிறது. சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கியவர், எத்தனை லிட்டரில் வைக்க வேண்டும் என்பதை அதன் வயிற்றிலேயே சாக்பீசால் எழுதிவிட்டுப் போனார். முதல் இலக்கம் கோணிப்பை உரசி அழிந்துவிட்டது. எஞ்சியிருப்பது '2' ஒன்றே. '12' என்பது ஒரு பாடம். '22' என்பது இன்னொரு பாடம். அள்ளி விட்டால் நன்றாக மூடும் என்னும் பரந்த மனத்தினர் '32' என்று கொள்வர். முதல் பாடமே சரி. சின்ன நாசிலுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். அதற்கு மேல் திறந்துவிட்டால் கேஸ் நாசிலின் வாயில் சுழன்று, வெளிக்காற்றையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரும். காசும் போய் ஓட்டையும் விழும். ஆயினும் '32' என்ற பாடத்துக்கு ஒரு முனைவர் பட்டம் தாங்கும். '12'-க்கு ஒரு வரிகூடத் தாங்காது.

சிஓடூ சிலிண்டரின் அழுத்த மீட்டர் நம்பத்தக்க சாட்சியன்று. உள்ளே திரவம் கொஞ்சம் இருக்கும்வரை முள் இறங்காமல் நிற்கும்; திரவம் தீர்ந்த பிறகு மடமடவென்று விழும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய எடை போட வேண்டும். ரெகுலேட்டர் திறந்திருக்கிறது, முள்ளும் சரி என்றாலும் நாசிலுக்கு கேஸ் வந்து சேர்ந்ததென்று பொருளில்லை. வழியில் ஹோஸ் கசியலாம், டார்ச்சின் ஓ-ரிங் நைந்திருக்கலாம், நாசிலுக்குள் ஸ்பேட்டர் அடைத்திருக்கலாம். சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசிவு குமிழ் விட்டுக் காட்டிக்கொடுக்கும். டிப்பை இரும்பிலிருந்து 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும், டார்ச்சை ஒருக்களித்துப் படுக்கப் போட்டாலும் கேஸ் வேறெங்கோ போய்விடும்.

இப்போது இவ்வேட்டின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

விசிறி இயல்: ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோவையில் துணி காயப்போட்டவரைத் துரத்தும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல், கேஸ் மூடி வைக்கும் வெல்டுக்கு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று ஆகாது என்கிறது. ஆகவே வீட்டு வெல்டர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். புழுங்கியது. விசிறி ஓடியது. ஓட்டை விழுந்தது. இதுவரை எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. விசிறியைப் போட்டது யார் என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

முதல் கொள்கை அருட்கொள்கை. வியர்வையில் நனைந்த கணவரைக் காணப் பொறுக்காமல் இல்லத்தரசியே போட்டார் என்பது. இதை அவரே மறுக்கிறார் (சமையலறைப் பொழிவுகள், காலைப் பகுதி).

இரண்டாவது மின்வாரியக் கொள்கை. முந்தின நாள் கரண்ட் போனபோது சுவிட்சை அணைக்காமல் விட்டார்கள். கரண்ட் வந்ததும் விசிறி தானே சுழன்றது. ஆதலால் போட்டவர் என ஒருவர் இல்லை. கர்த்தா இல்லாமலே காரியம் நடக்கும் என்னும் இந்த நுட்பத்துக்கு வித்திட்டவர் தந்தையார் (ஈசிசேர் உரை, இரண்டாம் காபிக்கு முன், காபிக்குப் பின் வந்த திருத்திய பதிப்பில், சுவிட்சை அணைக்காதவர் யார் என்ற பிற்சேர்க்கையோடு).

மூன்றாவது கொள்கை, வீட்டு வெல்டரே போட்டுவிட்டு மறந்துபோனார் என்பது. இதைச் சொன்னவர் பாட்டியார் (செவிவழி மரபு, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடையில் அருளியது, மதிலுக்கு அந்தப்புறம் துணி உலர்த்திய அண்டை வீட்டம்மாள் கேட்டு, நான்காம் விசிலில் கடைசிச் சொல்லைத் தவறவிட்டது, பழைய மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில் பால் கணக்குப் போக எஞ்சிய இடத்தில் பேரன் படியெடுத்தது, அந்த அட்டையும் இப்போது கதவு ஆடாமலிருக்க மடித்துச் செருகப்பட்டிருப்பதால், கதவைத் திறந்தால் மட்டுமே ஒப்புநோக்கலாம்).

இதற்கென ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கமும் கூட்டப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வீடியோ காலில் வந்ததால் அது பன்னாட்டு ஆனது. நம் கல்லூரிகளின் நடைமுறையும் இதுவே. கட்டணம் கட்டியவர்களின் கட்டுரைகள் மலரில் இடம்பெற்றன. படித்தவர் யாருமில்லை, ஆனால் எல்லோரும் எல்லோரையும் மேற்கோள் காட்டினர்.

இரண்டாவதாக ஒரு விசிறி உண்டென்று எவரும் எழுதவில்லை. மெஷினின் பின்புறத்தில், அது சூடாகாமலிருக்க ஓடும் விசிறி. மெஷினை வேலைக்கு ஒட்டினாற்போல் வைத்தால், சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு வரும்போதும் இது பீடின்மேல் ஊதிக்கொண்டிருக்கும். இதைச் சுட்டிக்காட்டியவர் தெருமுனைப் பட்டறைக்காரர். வந்தார், பார்த்தார். "ஏனுங், மெசினு காத்து நேரா வேல மேல அடிக்குதுங்களே. அதைத் திருப்பி வெச்சு, ஃபேன ஆஃப் பண்ணிப்போட்டு ஒரு துண்டுல ஓட்டிப் பாருங்" என்றார். ஓட்டினார்கள். பீடு வழவழவென்று வந்தது. அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டாததாலும், நாற்பது பக்கத்துக்குரிய சிக்கலை ஒரே மூச்சில் முடித்துவிட்டதாலும், அக்கருத்து ஆய்வுலகில் ஏற்கப்படவில்லை.

விசிறி கூடாது என்பதற்காக ஷெட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு உள்ளே புகையைக் குடிப்பதும் தகாது. வேலையைச் சுற்றித் தகரமோ பிளைவுட்டோ நிறுத்தி மறைத்து, புகை தலைக்கு எதிர்ப்பக்கமாக வெளியேற வழி விட்டால் போதும்.

விழுந்த ஓட்டையை என்ன செய்வது? ஒரு சாரார் அதன்மேலேயே இன்னொரு பீடு ஓட்டுவர். அடியிலிருக்கும் வாயு புது இரும்பையும் குமிழாக்கும் என்பதால், அவர்களுக்கு ஓட்டை இரட்டிப்பாகும். கிரைண்டரில் அடி வரை சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுவோர் சிறுபான்மையினர். பெரும்பான்மையோர் எம்சீல் அப்பி, பட்டி பார்த்து, சில்வர் பெயின்ட் அடிக்கும் மரபினர். பூந்தொட்டிக்கு அது தாங்கும். மாடிப்படிக் கைப்பிடியில் இந்த மரபைப் பின்பற்றுவோர் அதில் சாய்ந்து நிற்காதிருப்பது நலம்.

இவ்வேட்டின் வாய்மொழித் தேர்வு மதிய உணவுக்கு முன் தொடங்கி மதிய உணவுக்கு முன்பே முடிந்தது. புறத்தேர்வாளர் ஓட்டைகளை விட்டுவிட்டு ஒற்றுகளைத் தேடினார். 'வெல்டிங் கம்பி' என்பதில் வலி மிகுமா மிகாதா என்று கேட்டார். சான்று கொடுத்தும் திருப்தியடையவில்லை. நைட்ரஜன் என்ற சொல்லை எல்லா இடத்திலும் மாற்றச் சொல்லி, எதாக மாற்றுவது என்பதைச் சொல்லாமல் விட்டார். பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார்.

கையெழுத்து காய்வதற்குள் நெறியாளர் மேலாய்வுக்கான களம் ஒன்றையும் ஒதுக்கித் தந்தார். அவர் வீட்டு கேட்டின் கீல் கொஞ்ச நாளாகவே விட்டுக் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடச் சொன்னார். சிலிண்டரையும் கையோடு கொண்டுவர வேண்டுமாம். ஆட்டோ வாடகை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.