முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் முக்கூடலும்: ஓர் ஆய்வு

பழைய புல்லட்டின் முன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் வைத்த ஃபோர்க்கை மாட்டுவது பாதுகாப்புக்காகத்தான் என்று பட்டறைகளில் அடித்துச் சொல்வார்கள். ஆழ்ந்து நோக்கினால் இது பாதி உண்மையே. திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டை முக்கூடல் என்ற ஊரில் நிறுத்தி வந்தது டிரம் பிரேக் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அந்தப் பணியைச் செய்தது அதன் சத்தம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. அதன் 'டப் டப்' கால் கிலோமீட்டர் முன்னால் கேட்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஊருக்குப் பதினைந்து நொடி அவகாசம். அதற்குள் சாலையில் நெல் காயப்போட்டவர் காலால் கிளறுவதை நிறுத்துகிறார், சுற்றிய பீடியைக் கடைக்குக் கொண்டுபோகும் அக்காமார் ஓரம் ஒதுங்குகிறார்கள், டீக்கடை பெஞ்சிலிருந்து "ஏலே, புல்லட்டு வருது, தள்ளு" என்று ஒரு குரல் எழுகிறது. பதினைந்து நொடி முன்னதாகவே பிடிக்கிற டிஸ்க்கை இதுவரை எவரும் செய்யவில்லை. ஓட்டுபவர் செய்ய வேண்டியதெல்லாம் கைப்பிடியை ஒரு மரியாதைக்காக அழுத்துவதுதான்.

ஆடுகள் இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்டதில்லை என்ற ஆட்சேபம் வலுவானது. மறுக்க முயல்வது நேர்மையாகாது. அதைவிட வலுவான ஆட்சேபம் வண்டியின் உடலிலேயே இருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பின் பிரேக் இடக்காலுக்கு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகளில் பழகிய பையன் ஆட்டைக் கண்டு பதறி வலக்காலை மிதித்தால், வண்டி நிற்பதற்குப் பதிலாக மூன்றிலிருந்து நாலாவது கியருக்கு உயர்கிறது. இந்த ஒரு நொடியில் அவனுக்கு மிச்சம் இருப்பது வலக்கை மட்டுமே. அந்தக் கை இழுப்பது ஒரு நீண்ட கேபிளை. கேபிள் திருப்புவது ஒரு கேமை. கேம் விரிப்பது இரண்டு ஷூக்களை. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறி இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, ஷூவை விட்டு விலகுகிறது. மழையில் தண்ணீர் உள்ளே புகுந்தால் லைனர் வழுக்குகிறது. டிஸ்க்கோ காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறுகிறது, நனைந்தாலும் சுழன்றே துடைத்துக்கொள்கிறது. 1969இல் ஹோண்டா சிபி750 முன்சக்கரத்தில் டிஸ்க்குடன் வந்தபோது உலகம் ஒப்புக்கொண்ட காரணங்கள் இவைதாம்.

ஆகவே மாற்றம் நடக்கிறது. பிந்தைய ராயல் என்ஃபீல்டு ஒன்றின் ஃபோர்க், ஹப், 280 மில்லிமீட்டர் டிஸ்க், கேலிபர், ஹேண்டில் பாரில் மாஸ்டர் சிலிண்டர். அளவு ஒத்துவராத இடத்தில் லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து கொள்கிறார்கள். பிரேக் ஆயில் ஊற்றி, லீவரை அழுத்தி அழுத்தி, டியூபில் குமிழி வருவது நிற்கும்வரை ஏர் எடுக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்தவனின் லீவர் பஞ்சு போல அமுங்கும். எல்லாம் முடிந்ததும் ஊர் இதுவரை சுமந்த பொறுப்பு ஓட்டுபவரின் இரண்டு விரல்களுக்கு மாறிவிடுகிறது. யாரும் இனி அவருக்காக ஒதுங்க வேண்டியதில்லை. இது முன்னேற்றமா என்பதைச் சமூகவியலாளர்கள்தாம் சொல்ல வேண்டும். எலும்பு முறிவு வைத்தியர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். அவர்கள் பக்கமே இக்கட்டுரையும் சாய்கிறது.

எஞ்சுவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021இல் வந்த மத்திய அரசின் பழம்பெரும் வாகன விதிகளோ, 50 ஆண்டு கடந்த, சேசிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் காணாத வண்டிக்கே அந்தத் தகுதியைத் தருகின்றன. ஃபோர்க் இவற்றில் எதில் சேரும் என்று அறிஞர்கள் இன்னும் சில தலைமுறைகள் வாதாடலாம். 20,000 ரூபாய் கட்டி அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டால் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. டிரம், டிஸ்க் இரண்டையும் மிஞ்சிய பிரேக் இது. ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல் ஆகியவற்றோடு தொழில்நுட்ப ஆய்வுக்கும் விலக்கு உண்டு. ஆலங்குளம் சாலையில் டீ குடிக்கப் போகிறவர்கள் இக்கட்டுரையின் ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.