‘ஓகே டெஸ்டட்’ ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
தங்கள் துறையின் சம்பளமில்லாக் கிளை அலுவலர்,
முன்னாள் மாட்டுக் கொட்டகை, இந்நாள் பட்டறை,
கோவை.

பெறுநர்:
உயர்திரு தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
பெயர் தெரியவில்லை, கையெழுத்து நெளியும் மண்புழு வடிவம்.

பொருள்: முடித்த வேலைக்குப் பணி நியமன ஆணை கோருதல் தொடர்பாக.

பார்வை: கருவியின் மேல் ஒட்டியிருந்த தங்கநிற ஸ்டிக்கர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கூட வேலை பார்த்தவர்கள் காசிக்குப் போனார்கள். நான் ஒரு பழைய லேத்தும் அதைவிடப் பழைய மில்லிங் மெஷினும் வாங்கிக் கொட்டகையில் போட்டேன். போன தை மாதம் லேத்தின் 28 பல் கியர் ஒன்று உடைந்தது. “ஏனுங்க, கணபதியில குடுத்தா அறுநூறு ரூபாய்க்குப் பல்லு வெட்டித் தர்றாங்களாமா” என்று வீட்டில் சொன்னார்கள். அறுநூறுக்கு ஒரு கியர்தான் வரும், 23,500 ரூபாய்க்கு, வட்டத்தைச் சமபாகமாகப் பிரித்துத் திருப்பும் டிவைடிங் ஹெட் ஒன்று வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் எத்தனை கியர் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்று நான் கணக்குச் சொன்னேன். என் உத்தியோக வாழ்க்கையில் எந்த ஆடிட்டரும் பிடிக்காத அளவுக்கு அந்தக் கணக்கை அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேர் பெற்ற கம்பெனிகளின் ஹெட் பல மடங்கு விலை. அது எனக்குக் கட்டாது. அதனால்தான் தங்களிடம் வந்தேன். ஆகவே இது புகார்க் கடிதம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கருவியின் பூர்வீகம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். 1862-ல் அமெரிக்காவில் பிரௌன் அண்ட் ஷார்ப் கம்பெனி யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்தபோது கூடவே பிறந்தது. அதுவரை துப்பாக்கிப் பட்டறைகளில் டிரில் பிட்டின் முறுக்குப் பள்ளத்தை ஆட்கள் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். அந்த அரத்தைக் கீழே வைக்கச் செய்ததுதான் இதன் புண்ணியம். தங்களுடையதை வாங்கிய மறுநாளே நான் அரத்தைக் கையில் எடுத்தேன்.

முதலில் மணல். கைப்பிடியைச் சுற்றியதும் அம்மியில் மிளகு அரைக்கிற சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தால், கைப்பிடியோடு சுழலும் வார்ம் இருக்கும் அறையில் வார்ப்பு மணல், அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குக் கிரீஸ். எங்கள் பக்கத்தில் ஒரு லோடு மணல் அள்ள எத்தனை பர்மிட், எத்தனை செக்போஸ்ட் என்று தங்களுக்குத் தெரியாது. தாங்கள் எதுவும் இல்லாமல் வீட்டுக்கே அனுப்பிவிட்டீர்கள். ஐந்து லிட்டர் டீசலில் மூன்று முறை அலசினேன்.

அடுத்து வார்ம். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று வரவேண்டும். வந்தது. ஆனால் 11-வது சுற்றிலிருந்து 17-வது சுற்று வரை இரண்டு கையும் போட்டுத் தள்ள வேண்டியிருந்தது; 30-ஐத் தாண்டினால் தளர்ந்துபோய் ஆட்டம் கண்டது. வார்ம் திருப்பும் வீலின் பற்களில் விரலை ஓட்டினால் பிசிறு ரத்தம் எடுத்தது. ஊசி அரத்தால் பல் பல்லாகப் பிசிறு தட்டினேன். பிறகு வார்மை நெருக்கும் புஷ்ஷை, எங்கே மிகவும் இறுக்கமோ அந்த இடத்தில் நிறுத்திவைத்துச் சரிசெய்தேன். தளர்ந்த இடத்தில் வைத்து நெருக்கினால் இறுக்கமான இடத்தில் கைப்பிடி நகராது. மிச்சமிருக்கும் ஆட்டத்துக்கு மருந்து, எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுவது. துளையைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி வருவது. இதெல்லாம் தங்கள் கையேட்டில் இல்லை. கையேட்டில் முதலாளியின் படம் இருக்கிறது.

மூன்றாவதாக அடிப்பாகம். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பாரை மாட்டி டயலை ஓட்டினேன். 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.12 தலை குனிந்திருந்தது. வாங்கியவர் காலில் விழும் பணிவு என்று முதலில் நினைத்தேன். கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அடியிலும் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். மேசைமேல் உட்கார வேண்டிய முகத்துக்கு, கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி இரண்டு கோட்டிங். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, சர்ஃபேஸ் பிளேட்டில் புளூ தடவி வைத்து எடுத்தால், அவ்வளவு பெரிய அடிப்பாகத்தில் மூன்றே மூன்று இடத்தில் நீலப் பொட்டு. அந்த மூன்று மேட்டில்தான் என் 23,500 ரூபாய் நின்றுகொண்டிருந்தது.

ஸ்க்ரேப்பர் பிடித்துச் சுரண்டுவது எப்படிப்பட்ட வேலை என்று துறைத் தலைவராகிய தங்களுக்கு நான் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். துடைக்க வேண்டும். மறுபடி புளூ, மறுபடி பிளேட்டில் தேய்ப்பு, மறுபடி புதிய மேடு. மூன்று பொட்டு ஏழாகும், ஏழு இருபதாகும். ஒன்பது சாயங்காலம் போயிற்று. பத்தாம் நாள் அம்மை போட்ட மாதிரி முகம் முழுக்கப் பொட்டு விழுந்தது, டயலில் 0.12 இருந்த இடத்தில் 0.02. என் வேட்டி, பனியன், காபி டம்ளர், பேத்தியின் நோட்டு எல்லாம் அதற்குள் நீலமாகிவிட்டன.

நான்காவதாக, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் 0.3 மில்லி பள்ளம். குளிர்பான டின்னை வெட்டினால் தகடு ஏறக்குறைய 0.1 வரும்; மூன்று வைத்தேன். ஸ்லாட்டில் உட்கார வேண்டிய கீ 16 மில்லி, என் மேசையின் ஸ்லாட் 14. ராவினேன். வேறென்ன செய்ய?

இனி, தங்கள் கையேட்டைப் பற்றி. 28 பல் வெட்ட 40-ஐ 28-ஆல் வகுக்க வேண்டும். கைப்பிடிக்கு ஒரு முழுச் சுற்று, பிறகு துளைத் தட்டின் 21 துளை வட்டத்தில் 9 துளை. இது கணக்கு. தங்கள் அட்டவணையிலோ ‘ஒரு சுற்று, 10 துளை’ என்று அச்சாகியிருந்தது. அச்சில் வந்ததை நம்புவது கணக்கெழுதியவனின் வியாதி. பின் குத்தியிருக்கும் துளையையும் சேர்த்துப் பத்து என்று எண்ணியிருக்கிறீர்கள் போல. பத்துக் கல் கால் நட்டால் ஒன்பது இடைவெளிதான் என்பது எங்கள் ஊரில் வேலி போடுகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மறந்துபோய், துளைகளை அளந்து காட்டும் செக்டார் கையைப் பத்து இடைவெளிக்கு விரித்துப் பூட்டிவிட்டேன்.

மாட்யூல் 1.5, வெளிவிட்டம் 45 மில்லி, நானே கடைந்து வைத்த வார்ப்பிரும்பு. ஒவ்வொரு பல்லுக்கும் ஸ்பிண்டிலைப் பூட்டு, மேசையை ஓட்டு, திருப்பு, பூட்டைத் திற, சுற்று, பின்னைக் குத்து. இரண்டரை மணி நேரம். 27 பள்ளம் வரை சொர்க்கம். 28-வதுக்குக் கட்டரை இறக்கினேன். வெட்டும் சத்தமே வரவில்லை. குனிந்து பார்த்தேன். முதலில் வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே கட்டர் திரும்ப நுழைந்து, ஒரு ஓரத்தை மட்டும் அரை மில்லி வழித்துக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுப் பற்களை எண்ணினேன். 27. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். 27. வீட்டிலிருப்பவர்கள் காபி கொண்டுவந்தார்கள், அவர்களும் எண்ணினார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அறுநூறு ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மௌனத்துக்கும் தாங்கள்தான் பொறுப்பு.

நியாயமாக ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும். தங்கள் மூன்று துளைத் தட்டுகளும் 15 முதல் 49 வரை பழைய பிரௌன் அண்ட் ஷார்ப் வரிசைப்படியே இருக்கின்றன; 50 வரை எந்த எண்ணாலும் வட்டத்தைப் பிரிக்கலாம். ஒரு துளை 0.1 மில்லி தள்ளிப் போட்டிருந்தாலும் அந்தப் பிழை 40-ஆல் வகுபட்டு, கியரின் விளிம்பில் மைக்ரான் கணக்குக்குத் தேய்ந்துவிடுகிறது. ஆக, பிழையைக் குறைக்கும் பிரிவு என்று தங்கள் தொழிற்சாலையில் ஒன்று இருக்குமானால் அது வார்ம்தான். பதவி உயர்வு கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுங்கள். வீலின் சொந்தப் பிழையை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, பாவம்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். சுத்தம் செய்தல், பிசிறு எடுத்தல், மட்டம் பார்த்தல், உயரம் சேர்த்தல், கையேட்டைத் திருத்துதல் ஆகிய தங்கள் துறையின் வேலைகள் அனைத்தையும் 26 நாட்கள் இங்கே நானே பார்த்திருக்கிறேன். டீசல், புளூ, இரண்டு ஊசி அரம், ஒரு பேண்ட்-எய்ட் பெட்டி, மூன்று குளிர்பானம் ஆகியவற்றின் ரசீதுகளை இணைத்துள்ளேன். குளிர்பானத்தைப் பேத்தி குடித்தாள். டின் மட்டும் கணக்கில் வரும். எனவே, சென்ற தை மாதம் முதல் முன்தேதியிட்டு எனக்குப் பணி நியமன ஆணையும் பி.எஃப். எண்ணும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பொருளையும் திருப்பித் தரமாட்டேன். வந்தபோது திருப்பியிருந்தால் நஷ்டம் தங்களுக்கு, இப்போது திருப்பினால் நஷ்டம் எனக்கு.

இன்னொன்று. டீசலில் கிரீஸ் போயிற்று, மணல் போயிற்று, பச்சைப் பெயின்ட் கூடப் பாதி போயிற்று. ஸ்டிக்கர் மட்டும் போகவில்லை. தின்னர் போட்டேன், பிளேடு போட்டேன், வெயிலில் வைத்தேன். ஓரம்கூடத் தூக்கவில்லை. அந்தப் பசையைச் செய்கிறவர் யாரோ, அவரை வார்ப்புப் பிரிவுக்கு மாற்றிப் பாருங்கள். கிளை அலுவலகத்துக்கு அந்த ஸ்டிக்கரில் ஒரு ரோலும் அனுப்பிவைத்தால் நல்லது. இங்கே ஒட்டுவதற்குத் தகுதியாக ஒரு பொருள் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை அலுவலர்

இணைப்பு: கியர் ஒன்று. 28 பல் உள்ளது லேத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் மற்றதை அனுப்பியுள்ளேன். எண்ணிப் பார்த்து ஓகே போடவும். எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தும் இடம் தெரியாது.