பேட்டரி எறங்கீருமுங்க

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய கோயமுத்தூர்க்காரரைப் பார்க்கப் போனால், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேச்செல்லாம் போர்டிகோவில் நிற்கும் பழைய மாருதி 800 பற்றித்தான்.

டாக்டர் பழனிவேலுவைத் தேடி வெளிமாநிலத்தார் லேப்ராஸ்கோப்பிக்கு வந்திறங்குகிற ஊர் இது. மூன்று சிறு துளை, உள்ளே ஒரு வலை, மறுநாள் வீடு. துளை சின்னது, ஆகவே ஓய்வும் சின்னது என்று நம்மவர் கணக்குப் போட்டுவிட்டார். மிச்சமிருக்கிற கவலை பேட்டரி.

"எடுக்காம நிறுத்துனா எறங்கீருமுங்க" என்று முதலில் ஸ்டார்ட் மட்டும் செய்து அணைத்தார். நின்ற இடத்தில் ஓடினால் சார்ஜ் ஏறாது என்று அடுத்த நாள் கேட் வரை. கேட் வரை போனால் இஞ்சின் சூடாகாதே, அதனால் தெருமுக்கு. தெருமுக்கில் திருப்ப இடமில்லை என்று சிங்காநல்லூர். வியாழக்கிழமை பார்த்தால் கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சிச் சந்தையில் நிற்கிறார். பேட்டரிக்காக 40 கிலோமீட்டர்!

"ஏனுங் மாமா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"பிரேக் அடிச்சுப் பாக்கச் சொன்னாரு. பாத்துட்டேன் அம்மிணி."

டாக்டர் சொன்னது வேறு. இஞ்சினை அணைத்துவிட்டு, நின்ற காரில், குறுக்கே நாய் பாய்ந்தால் மிதிப்பது போல ஓங்கி மிதிக்க வேண்டும். இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். சுருக்கென்றால் இன்னும் பொறுக்க வேண்டும். பலருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். டிராமடால் மாதிரி தூக்கம் வரவழைக்கிற வலி மாத்திரையும் நின்றிருக்க வேண்டும். இவரோ மாம்பழம் பழுத்ததா என்று அமுக்கிப் பார்க்கிற பக்குவத்தில் பிரேக்கைத் தொட்டுவிட்டு, "வலியே இல்லீங்க" என்கிறார். சீட் பெல்ட் உரசாமலிருக்க நடுவே துண்டை மடித்து வைக்கச் சொன்னார்கள். துண்டை வைத்துக்கொண்டார், பெல்ட்டை விட்டுவிட்டார்.

வயிறு நொந்தால் அவர் பாடு. ஆனால் வலிக்குப் பயந்து கால் அரை நொடி தயங்கினால், 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஏறத்தாழ 7 மீட்டர் கூடுதலாக ஓடும். அந்த 7 மீட்டருக்குள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளை இருந்தால்? ஆபத்தாகும் என்று தெரிந்தே உடல் தகுதியில்லாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 186-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். போலீஸ்காரர் சட்டையைத் தூக்கிப் பார்க்கவா போகிறார் என்பது இவர் தைரியம்.

இதே மனுஷர், மச்சானுக்கு இதே ஆபரேஷன் நடந்ததும் ஆளே மாறிப்போனார். "மூணு மாசம் ஸ்டீரிங்கத் தொடப்படாதுங் மச்சா!" ஆஸ்பத்திரிக்கு, மருந்துக்கடைக்கு, மச்சான் மகளைக் காலேஜுக்கு என்று எல்லாவற்றுக்கும் இவரே டிரைவர். பெட்ரோல் காசை நீட்டினால் கோபம் வேறு வருகிறது.