இரையியல்: ஆண்டாப் ஹில்லிலிருந்து ஓர் ஆய்வேடு

நன்னீரில் தூண்டில் போடுகிறவன் முள்ளில் எதைக் கோர்ப்பது என்பது பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் இந்த ஒன்றில் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. மெய்யிரைக் கட்சிக்குப் புழு, மாவு, தவளை, பொடிமீன். பொய்யிரைக் கட்சிக்கு மரக்கட்டை, தகரம், ரப்பர், கோழியிறகு. இதில் தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரையாளனுக்கு என்ன தகுதி என்று கேட்பார் உளர். பதினோரு வருடமாக இரண்டு கட்சியிலும் இருந்து, இரண்டிலும் ஒரே அளவு மீன் பிடித்தவன் அவன். நடுநிலைமைக்கு வேறு சான்று வேண்டா.

முதலில் களம். ஆண்டாப் ஹில்லின் பெயரில் மலை இருக்கிறது, குளம்தான் இல்லை. கிழக்கே வடாலா உப்பளம், அதற்கப்பால் கழி. அது உப்புநீர் ஆகையால் விலக்கப்பட்டது. ஜூலை மாதம் தெருவில் முழங்காலளவு நிற்பது நன்னீர்தானா என்பது தனி ஆய்வுக்குரியது. எனவே ஞாயிறு விடியற்காலையில் ஜிடிபி நகர் ஸ்டேஷனுக்கு வந்து (பழைய ஆட்கள் இன்னும் கோலிவாடா ஸ்டேஷன் என்றுதான் சொல்வார்கள்) ஹார்பர் லைன் பிடித்து, குர்லாவில் மாறி, காஞ்சூர்மார்க்கில் இறங்கி, ஆட்டோ வைத்துப் பவாய் ஏரிக்குப் போவது வழக்கம். கையில் கடலைப் புண்ணாக்கு இருந்தால் சாமான் பெட்டியில் ஏறுவது உத்தமம். மீன் கூடையோடு வரும் கோலிப் பெண்களுக்கு நடுவே நம் வாசனை எடுபடாது. ஒருமுறை அவர்களில் ஒரு பாட்டி என் டப்பாவைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்துவிட்டு, இவ்வளவு செலவு செய்து மீனுக்குச் சோறு போடுகிறாயே, நீ என்ன அதன் மாமனாரா என்று மராத்தியில் கேட்டார். கேள்வி பதிவு செய்யப்பட்டது. விடை இன்னும் கிடைக்கவில்லை.

பவாய் ஏரி இயற்கையானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாய்க்குக் குடிதண்ணீர் வேண்டி அணைகட்டித் தேக்கியது. தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று பின்னால் கைவிட்டார்கள். மீன்களுக்கு அப்படி ஒரு புகார் இல்லை. மகாராஷ்டிரா ஸ்டேட் ஆங்லிங் அசோசியேஷன் என்ற தூண்டில்காரர் சங்கம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஏரியில் முதலைகளும் உண்டு. கண்ணிரண்டை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், ஆய்வாளனை நெடுநேரம் நோக்குவதே அவற்றின் வேலை. பல்கலைக்கழகங்களில் இப்பதவிக்குப் புறத்தேர்வாளர் என்று பெயர்.

இனி முன்னோர் கருத்து. வள்ளுவர் 931ஆம் குறளில் சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றிக்குத் தூண்டிலை விழுங்கிய மீனை உவமை சொன்னார். அங்கே தூண்டில் முள்ளை அவர் 'பொன்' என்கிறார். பொன் என்றால் இரும்பு, இரைக்குள் மறைந்த இரும்பு என்று உரைகாரர்கள் பொருள் செய்தார்கள். இக்கட்டுரையாளன் பணிவுடன் வேறுபடுகிறான். பொன் என்பது பொன்னிறமாக மின்னும் தகடே. அஃதாவது, தண்ணீரில் பளபளத்து மீனை ஏமாற்றும் ஸ்பூன் என்னும் பொய்யிரை. என்னை? இன்றைக்கும் கடைகளில் அது பொன்னிறத்தில் விற்கிறது ஆகலின். ஜூலியோ புயல் என்ற அமெரிக்கர் 1852இல் இதற்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டார். நம்மவர் வாங்கத் தவறினார். இந்த விளக்கத்தை மாட்டுங்காவில் ஒரு தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொள்ளவேயில்லை. மறுப்பு எதுவும் வராததால் இது நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம்.

அடுத்து மேல்நாட்டார் வழக்கு. அமெரிக்காவில் பாஸ் என்றொரு மீன் உண்டு. மும்பையில் பாஸ் என்பது ஆட்டோக்காரர் முதல் வாட்ச்மேன் வரை யாரையும் கூப்பிடும் சொல்லாகையால் குழப்பம் வேண்டாம். இது அகன்ற வாயும் கெட்ட கோபமும் உள்ள வேட்டை மீன். 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில் ஒன்றைப் பிடித்தார். அவரிடமும் உடன்வந்த நண்பரிடமுமாகச் சேர்த்து இருந்தது ஒரே ஒரு பொய்மீன். இருவரும் முறைபோட்டுக்கொண்டு அதை வீசினார்கள், பெர்ரியின் முறையில் கடித்தது. எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். உலக சாதனையைக் குழம்பு வைத்த குடும்பம் அது. இக்கட்டுரையாளன் வாழ்நாளில் படித்த விளையாட்டுச் செய்திகளில் இதைவிட அறிவார்ந்த செயல் வேறில்லை.

பொய்யிரைக் கட்சி எழுபத்தேழு வருடம் இந்தச் சாதனையைச் சொல்லிச் சொல்லி மார்தட்டியது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் உயிருள்ள புளூகில் மீனைக் கோர்த்து வீசி அதே 22 பவுண்டு 4 அவுன்ஸும் மேலே ஒரு அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகவும் எடையுள்ள பாஸைத் தூக்கினார். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. ஆகவே சமன். மரக்கட்டை ஒன்று, உயிர்மீன் ஒன்று. கடவுளே நடுவராக உட்கார்ந்திருந்தாலும் இதைவிட நழுவலாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

அற்றேல், பவாயில் என்ன செய்வது? இங்கேதான் மேல்நாட்டுக் கொள்கை வழுக்கி விழுகிறது. பாஸ் கண்ணால் பார்த்தும், உடலின் பக்கக்கோட்டால் தண்ணீரின் அதிர்வை உணர்ந்தும் பாயும். தகரம் மின்னினால் போதும். நம் ஏரியில் ஆசைப்படக் கிடைப்பவை கட்லா, ரோகு, மிர்கால். இவை கெண்டைச் சாதி, மோப்பம் பிடித்து, உதட்டால் தொட்டு, சுவைத்து, யோசித்து, பிறகு பெரும்பாலும் துப்பிவிடும் சாதி. கட்லாவுக்கு மேல்நோக்கிய வாய், மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்கால் அடிச்சேறு. ஆகவே தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு நரம்பு விடுகிறோம் என்பதிலேயே பாதி விஷயம் தீர்ந்துபோகிறது. இது தெரியாமல், பார்சலில் வரவழைத்த ரப்பர் தவளையை ரோகுவுக்கு வீசுவது, மீனே தொடாத மாட்டுங்கா மாமாவுக்குப் பொம்பில் கருவாடு பரிமாறுவதை ஒக்கும். நான் வீசினேன். ஒரு மணி நேரம் கழித்து நிஜத் தவளை ஒன்று வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. அவ்வளவே பலன்.

இந்தக் கெண்டைகள் மூவரும் நாடெங்கும் ஏரி குளங்களில் நிறைந்ததற்கு ஒரு தேதியே உண்டு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு வளர்ப்புக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதுவரை ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் இவற்றுக்குக் கல்யாணம். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1952இல், மொசாம்பிக் திலேப்பியா இந்தியாவுக்குள் வந்தது. தமிழன் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்து உறவாக்கிக்கொண்டான். ஜிலேபியின் தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், அந்த நாட்களில் ஒன்றும் தின்னாது. விரதமிருப்பவளிடம் என்ன இரையைக் காட்டினாலும் எடுபடாது என்பதால், அன்றைய தோல்விகளுக்கு ஆய்வாளன் பொறுப்பாக மாட்டான்.

கரையில் பதினோரு வருடம் உட்கார்ந்து கண்ட உண்மை வேறொன்று. மீனுக்கு எது பிடிக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. அவரவர் நாக்குக்கு எது பிடிக்குமோ அதைத்தான் முள்ளில் வைக்கிறார்கள். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

சான்று வருமாறு. எனக்கு இடப்பக்கம் எப்போதும் உட்காருபவர் ஒரு வங்காளித் தாதா. மும்பையில் தாதா என்றால் போலீஸ் தேடும் ஆள், வங்காளத்தில் அண்ணன். இவர் இரண்டாவது வகை. கடுகுப் புண்ணாக்கு, வறுத்த மசாலாச் சாமான், எறும்பு முட்டை எல்லாம் சேர்த்துப் பிசைந்து முதலில் தண்ணீரில் உருண்டை உருண்டையாக வீசுவார். அது கடிக்க வைக்கும் இரையன்று, மீனைக் கூட்டும் விருந்து. பிறகுதான் தூண்டில். அந்த மசாலா வாசனை வந்தால் எனக்கே பசியெடுக்கும். வலப்பக்கம் ஒரு குஜராத்திப் பையன், மீனே சாப்பிடாதவன், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுபவன். அவன் மாவில் ஏலக்காய், வெல்லம், நெய். பனீர்த் துண்டும் கொண்டு வருவான். அவன் வீட்டு மோகன்தால் சாப்பிட்டிருக்கிறேன், வித்தியாசம் குறைவு.

தாராவியிலிருந்து வரும் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். அவர் தாத்தா காலத்தில் தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்த குடும்பம். மாவு என்றாலே அவருக்குக் கேவலம்.

"புழு இருக்கையில மாவு எதுக்குவே? மீனு என்ன கல்யாண வீட்டுக்கா வருது?"

"பவாயில ரோகு புழுவத் தொடறதில்லையே அண்ணாச்சி."

"தொடாட்டா போகட்டும். நமக்குன்னு ஒரு மரியாத இருக்குல்லா?"

அண்ணாச்சியின் ஊர் ஞானமெல்லாம் விராலைப் பற்றியது. குளத்தில் விரால் குஞ்சு பொரித்தால், செம்மண் கரைத்தாற்போல ஒரு பந்து தண்ணீரில் உருண்டுகொண்டே போகும். அதன் அடியில் பெரியது காவலிருக்கும். அந்தப் பந்துக்கு மேலே தவளையை இழுத்தால், பசியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அடிக்கும். இது தின்பதற்கான கடியன்று. பிள்ளை பக்கத்தில் வந்தவனை அடிக்கும் அடி. அமெரிக்கப் பாஸும் அப்படியே, கூட்டைக் காக்கும் ஆண் மீன் எதைப் போட்டாலும் பாயும். இங்கே ரப்பர் தவளை வேலை செய்கிறது. முதுகோடு ஒட்டிய இரட்டை முள், இலையிலும் பாசியிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். அண்ணாச்சிக்கு அதைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, அப்படிப் பந்தோடு இருக்கிற விராலை அவர் அப்பா தொட விடமாட்டார் என்றார், பெரியது போய்விட்டால் அவ்வளவு குஞ்சையும் மற்ற மீன் தின்றுவிடும் என்று. ரப்பர் தவளையைத் திருப்பித் தந்துவிட்டு மண்புழு டப்பாவைத் திறந்தார். ஆய்வுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று தெரியாததால் அப்படியே பதிவு செய்கிறேன்.

என் சொந்தக் கலவையைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கோதுமை மாவு இரண்டு கை, கடலை மாவு ஒரு கை, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, கொஞ்சம் எள், பெருங்காயம் தாராளமாக. தண்ணீரில் கரைந்துவிடாமல் முள்ளைப் பிடித்துக்கொள்ளப் பஞ்சை இழை இழையாகப் பிய்த்துச் சேர்த்துப் பிசைய வேண்டும். இது பல ஏரிகளில் நடக்கும் பழைய தந்திரம். சரியான பதம் வந்ததா என்று அறிய, காது மடலைத் தொட்டுப் பார்த்து மாவையும் தொட்டுப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். முதலில் புளித்த இட்லி மாவையும் சோதித்தேன். புளிப்பு வாசனைக்குக் கெண்டை வரத்தான் செய்கிறது, ஆனால் முள்ளில் நிற்க மாட்டேன் என்கிறது. வேகவைத்த இட்லி இன்னும் மோசம். கல் மாதிரி இட்லி வார்க்கும் வீடுகளில் பலன் வேறாக இருக்கலாம். எங்கள் வீடு அப்படிப்பட்டதன்று என்பதை, இக்கட்டுரையை மனைவி படிக்கக்கூடும் ஆதலால், தெளிவாகக் கூறிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மறுநாளைக்காகக் கலவையைப் பிசைந்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிய விடிய மழை. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. பத்து மணிக்கு எழுந்து வந்தபோது, மழையில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் ஒதுங்கிய மாட்டுங்கா மாமா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு நிறையத் தட்டை. பொன்னிறம்.

"உங்காத்துத் தட்டை பிரமாதம் ஓய்," என்றார் மாமா. "பெருங்காயம் தூக்கலா, வேர்க்கடலையெல்லாம் போட்டு. என்ன பக்குவம்!"

"பிசைஞ்சே வெச்சிருந்தார் மாமா," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து, ஆச்சரியத்தோடும் கொஞ்சம் பெருமையோடும். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை."

நான் வாயைத் திறக்கவில்லை. மாமா நாலாவது தட்டையைக் கடித்தார். கடித்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை அவர் உதட்டுக்கும் கையிலிருந்த துண்டுக்கும் நடுவே நீண்டது. அவர் கையை இழுத்தார், இழை அறவில்லை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை அகல விழித்து, வாயைத் திறந்து மூடி, மறுபடி இழுத்தார்.