மார்கழியில் ஒரு கேக்

ராஜபாளையத்தில் வீட்டில் கேக் சுட நினைப்பவனுக்கு எதிரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றால் போதும், ஜன்னல் வழியாகவே பால்கோவா விலை பேச ஆள் வந்துவிடும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பலகாரம் அது. என் கேக்குக்கு வீட்டுக்காரியின் அங்கீகாரமே இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பால்கோவாவில் சரக்கு என்று பார்த்தால் பாலும் சர்க்கரையும்தான். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதை விறகடுப்பில், அடிப்பிடிக்கவிடாமல் கிண்டிக் கிண்டி விரட்டுவதில்தான் வித்தை. பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கலந்து நிறமும் மணமும் கொடுக்கின்றன. கேக்கின் மேல்தோல் பழுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான என் மாமியாரிடம் இதை விளக்கி, இரண்டு பலகாரத்துக்கும் உறவுமுறை சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப தோல மட்டும் சுட வேண்டியதுதான மாப்ள?” என்றார்.

நாள் வேறு தகராறு. ஊரெல்லாம் கேக் மணக்கும் டிசம்பர் கடைசி, மார்கழியில் வந்து விழுகிறது. ஆண்டாள் ஊர் வீட்டில் மார்கழியில் முட்டை உடைத்தால் மண்டை உடையும். தயிரும் சோடா உப்பும்தான் கதி. தயிரின் புளிப்பில் சோடா உப்பு நுரைத்து மாவைத் தூக்கிவிடும். (முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து முந்திரிப் பொடி சேர்க்கும் தூத்துக்குடி மக்ரூனுக்கு, தை பிறந்தால்தான் வழி பிறக்கும்.) ஓவன் கிடையாது. குக்கருக்குள் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு சிம்மில் முக்கால் மணி நேரம். விசிலே வராத குக்கரை அத்தையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “கேஸ் தீந்துருச்சோ?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவர் ஆண்டாள். அந்தக் கடனைப் பின்னாளில் ராமானுஜர் செலுத்திவிட்டு வர, ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்ததாக ஐதீகம். இன்றும் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யில் குழையும். நூறு தடாவில் கணக்குப் பார்க்கும் ஊரில் ஆறங்குல டின்னைத் தூக்கிக்கொண்டு போனால் யார் மதிப்பார்கள்?

எனவே சரணடைந்தேன். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, கால் கிலோ பால்கோவாவை உதிர்த்து மாவில் கலந்தேன். கோவாவில் கொழுப்பு இருப்பதால் வெண்ணெயிலும் கொஞ்சம் மிச்சம். துண்டு போட்டால் உதிராது, மறுநாளும் காயாது. என்னைக் கேட்டால், இந்தச் சீமையில் மெனக்கெட்டுச் சுடத் தகுந்த கேக் இது ஒன்றுதான்.

அத்தை ஒரு துண்டை முடித்து, இன்னொன்றையும் முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ள. அடுத்த தடவ அந்த மைதாவையும் சோடா உப்பையும் மட்டும் விட்டுருங்க. குக்கரையும் மூட வேண்டாம். பக்கத்துலயே நின்னு கிண்டுங்க.”