ஆள் பேர் இல்லாத கட்டம்

1989-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தளம் போட்டோம். எனக்கு முதல் வேலை. மறுநாள் காங்கிரீட் என்றால், முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். கலவை மெஷின் இரண்டையும் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்பார். வைப்ரேட்டருக்கு மாற்று ஊசி இருக்கிறதா என்று கையில் வாங்கிப் பார்ப்பார். தார்ப்பாய்களை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து ஓட்டை தேடுவார். கடைசியில் பக்கப் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு.

"மழை வந்துச்சுன்னா இந்தக் கோட்டோட நிறுத்திடணும் தம்பி. தூணை ஒட்டி விட்டுட்டு ஓடக் கூடாது."

மறுநாள் மூன்று மணிக்கு மழை கொட்டியது. யாரும் கத்தவில்லை. தார்ப்பாய் பிடிப்பது யார், மெஷினைக் கழுவுவது யார் என்று முதல் நாளே ஆள் பேர் சொல்லியாகிவிட்டது. கோட்டோடு நிறுத்தினோம். அடுத்த நாள் விளிம்பைக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் ஊற்றி மீதியைப் போட்டு முடித்தோம். இதையெல்லாம் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று சொல்வார்கள் என்பது பல வருஷம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

2015-ல் சென்னையில், அடையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம். தரைக்குக் கீழே இரண்டு தளம். நான்தான் பிராஜெக்ட் மேனேஜர். அபாயங்களை எக்செல்லில் வரிசையாக எழுதி வைத்திருந்தோம். 'அடித்தளத்தில் வெள்ளம் புகுதல்' என்று ஒரு வரி. நடக்க வாய்ப்பு 2, நடந்தால் பாதிப்பு 5, பெருக்கினால் 10, மஞ்சள் நிறம். தீர்வு: கூடுதல் பம்பு, ஜெனரேட்டர். பொறுப்பு என்ற கட்டத்தில் 'சைட் டீம்'. மாதா மாதம் மீட்டிங்கில் அந்த வரியைத் திரையில் பார்த்தோம். நிறம் மாறவில்லை, அதனால் அடுத்த வரிக்குப் போனோம்.

டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். எங்கள் பம்பு இருந்தது, ஜெனரேட்டரும் இருந்தது. ஜெனரேட்டரை வைத்திருந்த இடம் சரிவுப் பாதையின் அடிவாரம். தண்ணீர் முதலில் அதைத்தான் மூழ்கடித்தது. வெளியே இறைக்க வேண்டிய மெஷின் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. ஆட்கள் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள், அந்த ஆறுதல் ஒன்றுதான். ஜெனரேட்டரை மேடான இடத்துக்கு நகர்த்த ஒரு கிரேனும் அரை நாளும் போதும். யார் நகர்த்துவது என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அந்தக் காலமே உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. அதே தஞ்சாவூர் வேலையில் சித்தாள் பெண்கள் தலையில் பாண்டுச் சட்டியோடு சவுக்குச் சாரத்தில் வெறுங்காலோடு ஏறினார்கள். ஹெல்மெட் இல்லை, பெல்ட் இல்லை. ஒரு பெண் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அது எந்த நோட்டிலும் ஏறவில்லை, யாரும் அதிலிருந்து எதையும் கற்கவுமில்லை. மேஸ்திரி மழைக்குத் தயாராக இருந்தார்; ஆள் விழுவதை விதி என்று விட்டுவிட்டார். இன்று வலையும் பெல்ட்டும் வந்திருப்பதற்குக் காரணம் யாரோ அதை எழுதி வைத்ததுதான். ஆகவே எக்செல் வேண்டும், கட்டாயம் வேண்டும்.

சைட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் பதிவேட்டைத் திறந்து, 'சைட் டீம்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் ஓர் ஆளின் பேரை எழுதுங்கள். அந்த ஆளையே கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, பம்பை ஒருமுறை ஓட்டி, பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேளுங்கள்.